ஓர் ஆய்வு ஏன் முக்கியமாகிறது? வெள்ளம் தாங்கும் நெல்லை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் கடைமடைப் பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பாப் பயிர் மூழ்குவது புதிய செய்தியன்று. தண்ணீர் வடிந்த பிறகு வரப்பில் நின்று பார்க்கும்போதுதான் கேள்வி எழுகிறது. ஒருவருடைய வயலில் பயிர் அழுகிச் சேற்றோடு படிந்து கிடக்கும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வயலில் அதே வெள்ளத்துக்குப் பிறகும் குருத்து பச்சை விட்டு நிமிரும். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அது வேறு ரகம் என்பார் ஒருவர். நாற்று முற்றிய நாற்று என்பார் மற்றொருவர். அந்த வயல் அரை அடி மேடு, வடிகால் அருகில் இருக்கிறது, மழைக்கு முன்பு யூரியா போடவில்லை, அங்கே நின்ற தண்ணீர் கலங்காமல் தெளிவாக இருந்தது என்று காரணங்கள் நீளும்.

இந்தக் காரணங்களில் எதையும் தவறென்று ஒதுக்க முடியாது. ஆனால் எது எவ்வளவு பங்கு வகித்தது என்பதை வரப்பில் நின்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது, ஏனெனில் அந்த இரண்டு வயல்களும் ஒரே நேரத்தில் பல வகையில் வேறுபட்டவை. இப்படிப் பின்னிக் கிடக்கும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இதனால்தான் இது நடந்தது என்று சொல்லும் தகுதியைப் பெறுவதற்கான வழிமுறையே ஆய்வு. ஓர் ஆய்வு முக்கியமா இல்லையா என்பதையும் இங்கிருந்தே அளக்க வேண்டும் என்பது என் கருத்து. அது வெளியான இதழின் பெயரும், செய்தித்தாள் போட்ட தலைப்பும் இரண்டாம்பட்சம். அனுபவத்தால் பிரிக்க முடியாத எதை அது பிரித்துக் காட்டியது, அதனால் யாருடைய எந்த முடிவு மாறும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை இருந்தால் அந்த ஆய்வு முக்கியமானது.

இதை விளக்க, காவிரிப் படுகைக்கு நேரடியாகத் தொடர்புடைய ஓர் ஆய்வு வரிசையை எடுத்துக்கொள்ளலாம். சம்பாவுக்கு, தடித்த அரிசி தரும் மோட்டா ரகமான சி.ஆர். 1009 பயிரிடும் உழவர்களுக்கு, அதே பெயரோடு 'சப் 1' என்ற ஒட்டு சேர்ந்த விதை பழக்கமாகியிருக்கும். அந்த ஒட்டுக்குப் பின்னால் பல பத்தாண்டு உழைப்பு இருக்கிறது.

நெற்பயிர் தண்ணீரில்தான் வளர்கிறது. இருந்தும் முழுவதும் மூழ்கினால் ஏன் சாகிறது? காற்றில் பரவுவதைக் காட்டிலும் சுமார் 10,000 மடங்கு மெதுவாகவே வாயுக்கள் தண்ணீரில் பரவுகின்றன. அதனால் மூழ்கிய பயிருக்குள் போதிய பிராணவாயுவும் கரியமில வாயுவும் வந்து சேர்வதில்லை. பயிர் தானே உண்டாக்கும் எத்திலீன் என்ற வாயு வெளியேற வழியின்றி உள்ளேயே சேர்கிறது. அந்த எத்திலீன், 'நீ மூழ்கிவிட்டாய், மேலே போ' என்று பயிருக்குச் சொல்லும் குறிப்பாகச் செயல்படுகிறது. உடனே பயிர் தன்னிடமுள்ள மாவுச்சத்தையும் சர்க்கரையையும் செலவழித்துத் தண்டையும் இலையையும் நீட்டத் தொடங்குகிறது. வெள்ளம் இரண்டு, மூன்று நாளில் வடிந்தால் சேதம் குறைவு. ஒரு வாரத்தைத் தாண்டி நின்றால் கையிருப்பு முழுவதும் தீர்ந்து, தண்ணீர் வடியும்போது நிமிர்ந்து நிற்கவும் வலுவின்றிப் பயிர் சாய்ந்து அழுகுகிறது. வெளிறி, மெலிந்து, நீளமாகப் படுத்துக் கிடக்கும் அந்தப் பயிரை நம் பகுதியில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள்.

ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர். 13ஏ என்ற ரகம் மட்டும் இதற்கு விலக்காக, இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தும் பிழைத்தது. அந்தப் பண்பு அங்குள்ள உழவர்களுக்கும் நெல் ஆராய்ச்சியாளர்களுக்கும் பல காலமாகத் தெரியும். ஆனால் அந்த நெல்லின் விளைச்சல் குறைவு. அதை நல்ல விளைச்சல் ரகங்களோடு கலப்புச் செய்து பார்த்தபோது, வெள்ளம் தாங்கும் குணத்தோடு விரும்பாத குணங்களும் சேர்ந்து வந்தன; அப்படி உருவான ரகங்களை உழவர்கள் பெரிதாக ஏற்கவில்லை. எந்தக் குணம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் கலப்புச் செய்தால் நெல்லோடு பதரும் வரத்தான் செய்யும்.

1996-ல், கெனாங் ஷு, டேவிட் மெக்கில் என்ற ஆராய்ச்சியாளர்கள் இந்தத் தாங்குதிறனின் பெரும்பகுதி நெல்லின் 9-ஆவது குரோமோசோமில் உள்ள ஒரே ஒரு பகுதியிலிருந்து வருவதைக் காட்டினர். அந்தப் பகுதிக்குத்தான் சப்1 என்று பெயர். 2006-ல் அவர்களும் பமீலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செரஸ் உள்ளிட்டோரும் சேர்ந்து, அந்தப் பகுதியில் காரணமான மரபணு சப்1ஏ என்று 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். இந்த மரபணு செய்யும் வேலை வியப்புக்குரியது. பயிரை வேகமாக வளரச் செய்து தண்ணீருக்கு மேலே கொண்டுவருவதற்குப் பதிலாக, வளராமல் நிறுத்தி வைக்கிறது. எத்திலீன் குறிப்பு கிடைத்தாலும், நீட்சிக்குத் தூண்டும் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கிக்குப் பயிர் இணங்காதபடி தடுக்கிறது. பஞ்ச காலத்தில் விதைநெல்லைத் தொடாமல் வைத்திருக்கும் குடும்பத்தைப் போலப் பயிர் தன் கையிருப்பைக் காத்துக்கொண்டு, தண்ணீர் வடிந்தபின் அதைக் கொண்டு மறுபடி தூர் விடுகிறது.

இடம் தெரிந்துவிட்டதால் அடுத்த வேலை எளிதாயிற்று. உழவர்கள் ஏற்கெனவே விரும்பிப் பயிரிடும் ஒரு ரகத்தை எடுத்து, எஃப்.ஆர். 13ஏ வழி வந்த நெல்லோடு ஒருமுறை கலந்து, பிறகு மீண்டும் மீண்டும் பழைய ரகத்தோடே கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் சப்1 பகுதி இருக்கிறதா என்று நாற்றுப் பருவத்திலேயே மரபணுச் சோதனையால் பார்த்துத் தெரிந்தெடுத்தார்கள். இறுதியில் கிடைப்பது கிட்டத்தட்ட அதே பழைய ரகம். சப்1 பகுதி மட்டும் புதிது. இது நெல்லுக்குள் நெல்லையே கலந்து செய்யும் இனப்பெருக்கமாதலால், வேற்றுயிரின் மரபணுவைப் புகுத்திய பயிரென்று இதைக் கருதத் தேவையில்லை. ஆந்திரத்தின் புகழ்பெற்ற ஸ்வர்ணா ரகத்தை இப்படி மாற்றி ஸ்வர்ணா சப் 1 என்று 2009-ல் இந்தியாவில் வெளியிட்டனர். நம் படுகைக்குப் பழக்கமான சி.ஆர். 1009-உம் இதே வழியில் மாற்றப்பட்டது.

இந்த இடத்தில் ஆய்வு முறையின் முதல் பாடம் இருக்கிறது. ஸ்வர்ணாவையும் ஸ்வர்ணா சப் 1-ஐயும் பக்கத்துப் பக்கத்தில் நட்டு, ஒரே நாளில் மூழ்கடித்து, ஒரே நாளில் வடித்துப் பார்த்தால், தோன்றும் வேறுபாட்டுக்கு ரகத்தின் வயதையோ மேட்டையோ வடிகாலையோ காரணம் சொல்ல முடியாது. எல்லாம் ஒன்றாக இருந்து ஒன்றே ஒன்று மட்டும் மாறும்போதுதான் ஒப்பீடு நேர்மையாகிறது. வாய்க்காலுக்கு இருபுறமும் உள்ள வயல்களைப் பார்த்து நம்மால் சொல்ல முடியாததை, இந்த ஒப்பீட்டால் சொல்ல முடிகிறது.

ஆராய்ச்சிப் பண்ணையில் மெய்யாவது உழவர் வயலிலும் மெய்யாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆடுதுறையில் 1922-ல் தொடங்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயலுக்கு நேரத்துக்குத் தண்ணீர் வரும், களை எடுக்க ஆள் இருக்கும், உரம் அளவோடு விழும். தலைஞாயிறு பக்கத்துக் கடைமடை வயலுக்கு இவற்றில் எதுவும் உறுதியில்லை. அதனால் இரண்டாவது கேள்வி, உழவர்கள் கையில் கொடுத்தால் இந்த விதை என்ன செய்யும் என்பது.

இதற்கு நாம் வழக்கமாகச் செய்வது என்ன? வேளாண்மைத் துறை ஒரு முன்னோடி விவசாயியைத் தெரிந்தெடுத்து, அவர் வயலில் செயல்விளக்கத் திடல் அமைத்து, அறுவடை நாளன்று சுற்றுவட்டார உழவர்களை அழைத்துக் காட்டும். புதிய விதையை அறிமுகப்படுத்த இது நல்ல வழி. விதையின் பலனை அளக்க இது உதவாது. முன்னோடி விவசாயி முன்னோடியாக இருப்பதற்கே காரணங்கள் உண்டு: நல்ல நிலம், சொந்த மோட்டார், கையில் பணம், பூச்சி வருமுன் கண்டுகொள்ளும் கண். அவர் எந்த விதையைப் போட்டாலும் ஊர் சராசரியைக் காட்டிலும் சில மூட்டை கூடுதலாகத்தான் காண்பார். அந்தக் கூடுதலை விதையின் கணக்கில் எழுதினால் அது தவறான கணக்கு. கேட்பவர்களுக்கு மட்டும் விதை கொடுத்தாலும் இதே சிக்கல்தான், ஏனெனில் புதிய விதையைத் தேடிவந்து கேட்பவரும் கேட்காதவரும் ஒரே மாதிரி உழவர்கள் அல்லர்.

இதைத் தவிர்க்க ஒரே வழி குலுக்கல். ஒடிசாவில் மன்சூர் தார், அலன் டி ஜான்வ்ரி, கைல் எமெரிக், எலிசபெத் சடூலே உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் செய்தனர். 128 கிராமங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியை, அதாவது 64 கிராமங்களைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்து, அந்தக் கிராமங்களிலும் குலுக்கலில் வந்த உழவர்களுக்கு மட்டும் 2011-ல் தலா 5 கிலோ ஸ்வர்ணா சப் 1 விதையைக் கொடுத்தனர். மீதிப் பாதிக் கிராமங்கள் ஒப்பீட்டுக்காக விடப்பட்டன. குலுக்கலுக்கு ஒருவருடைய நிலம் மேடா பள்ளமா என்பதும் தெரியாது, அவர் கடனாளியா வசதியானவரா என்பதும் தெரியாது. ஆகவே விதை பெற்ற கூட்டமும் பெறாத கூட்டமும் சராசரியில் ஒத்திருக்கும். பிறகு தோன்றும் வேறுபாட்டுக்கு விதைதான் காரணம் என்று துணிந்து சொல்லலாம்.

நம் ஊர்களில் பயிர்க் காப்பீட்டுக்காக நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையை நினைத்துப் பார்த்தால் இந்த முறை அந்நியமாகத் தோன்றாது. எந்த வயலில் அறுப்பது, அந்த வயலுக்குள்ளும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரத்தை எங்கே அடிப்பது என்பதை அலுவலரோ உழவரோ விருப்பப்படி தேர்ந்தெடுக்கக் கூடாது. எண் குலுக்கல்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும். நல்ல பயிர் உள்ள மூலையில் கயிறு கட்டினால், ஊரின் விளைச்சல் கூடுதலாகப் பதிவாகி ஊருக்கே இழப்பீடு கிடைக்காமல் போய்விடும் என்பது நம் உழவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆய்வில் குலுக்கல் ஏன் என்று கேட்பவருக்கு, அப்போது அவர்களுக்கு வரும் கோபமே போதிய விளக்கம். எண்ணிக்கைக்கும் இதே போலக் காரணம் உண்டு. ஓர் ஊரில் இரண்டு வயலை மட்டும் ஒப்பிட்டால், ஓர் எலி வளையோ ஒரு மடை உடைப்போ முடிவைப் புரட்டிவிடும். 128 ஊர்களில் அத்தகைய தற்செயல்கள் இரு பக்கமும் விழுந்து ஏறத்தாழச் சமமாகிவிடுகின்றன.

முடிவு என்ன? 10 நாள் மூழ்கிய வயல்களில் ஸ்வர்ணாவைக் காட்டிலும் ஸ்வர்ணா சப் 1-ன் விளைச்சல் சுமார் 45 விழுக்காடு கூடுதல் என்று 2013-ல் வெளியிட்டனர். செய்தியாக வரும்போது இந்த எண்தான் தலைப்பாகிறது. தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். 45 விழுக்காடு என்று படித்தவுடன் எதில் 45 என்று கேட்க வேண்டும். ஓர் உதாரணத்துக்கு, நல்ல ஆண்டில் ஏக்கருக்கு 35 மூட்டை காணும் வயல், 10 நாள் வெள்ளத்தில் பழைய ரகத்துக்கு 20 மூட்டைக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 20-ல் 45 விழுக்காடு 9. ஆக 29 மூட்டை கிடைக்கும். வெள்ளத்தின் இழப்பு குறைந்ததே தவிர, வெள்ளமே வராத ஆண்டின் விளைச்சல் வந்துவிடவில்லை. 35-ன் மேல் 45 விழுக்காடு கூட்டி ஏறத்தாழ 51 மூட்டையை எதிர்பார்த்து விதை வாங்குபவர் ஏமாந்து போவார். அந்த ஏமாற்றத்தின் பழியும் ஆய்வின் மீதே விழும்.

என்னைக் கேட்டால், அந்த ஆய்வின் மிக முக்கியமான முடிவு 45 அன்று. வெள்ளம் வராத வயல்களில் இரண்டு ரகங்களுக்கும் விளைச்சலில் வேறுபாடு தெரியவில்லை என்ற முடிவே அது. வேறுபாடு இல்லை என்பது ஒரு கண்டுபிடிப்பா என்று தோன்றலாம். படுகை உழவரின் இடத்தில் இருந்து பார்த்தால் எல்லாமே அதில்தான் அடங்கியிருக்கிறது. 2008 நவம்பரில் நிஷா புயல் கொண்டுவந்தது போன்ற வெள்ளம் எல்லா ஆண்டும் வருவதில்லை. வெள்ளம் தாங்கும் விதை மற்ற ஆண்டுகளில் ஏக்கருக்கு நான்கு மூட்டையைக் குறைத்துவிடும் என்றால், வராத வெள்ளத்துக்காக ஆண்டுதோறும் கப்பம் கட்டுவதாகிவிடும். கணக்குப் பார்க்கும் எந்த உழவரும் அதை நாற்றங்காலில் விடமாட்டார். அந்தக் கப்பம் இல்லை என்று தெரிந்ததால்தான் இந்த விதை ஒரு நல்ல பந்தோபஸ்தாகிறது. வேறுபாடு இல்லை என்று சொல்லும் ஆய்வுகளுக்குச் செய்திகளில் இடம் கிடைப்பதே அரிது. எதைப் பற்றி இனி அஞ்சத் தேவையில்லை என்பதை வாசகருக்கு அவைதான் சொல்கின்றன. அவற்றைத் தேடிப் படிக்க வேண்டும்.

அதே குழு அடுத்த கேள்வியையும் கேட்டது. பயிர் போய்விடும் என்ற அச்சம் குறைந்தால் உழவர் எப்படி நடந்துகொள்வார்? 2016-ல் அமெரிக்கப் பொருளியல் இதழ் ஒன்றில் வெளியான முடிவின்படி, விதை பெற்ற உழவர்கள் மறு ஆண்டில் கூடுதல் பரப்பில் நெல் பயிரிட்டார்கள், உரத்துக்குக் கூடுதலாகச் செலவழித்தார்கள், விதைத் தெளிப்பை விட்டு நாற்று நடவுக்கு அதிகம் மாறினார்கள், கடனையும் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள். வெள்ளம் வருமோ என்ற அச்சம், வெள்ளம் வராத ஆண்டிலும் உழவரின் கையைக் கட்டிப் போட்டிருந்தது என்பதை இது எண்களால் காட்டியது. மழைக்கு முன்பு மேலுரம் போடத் தயங்கி நிற்கும் நம் உழவரை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். இழப்பீட்டையும் நிவாரணத்தையும் மட்டும் கணக்கிட்டால் வெள்ளத்தின் உண்மையான விலை வராது. அஞ்சிச் செய்யாமல் விட்டவற்றின் விலையும் அதோடு சேர வேண்டும். அதே ஆய்வில், விதை பெற்றவர்கள் நாட்டு ரகங்களின் பரப்பைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. எஃப்.ஆர். 13ஏ-வே ஒரு நாட்டு நெல்லின் வழி வந்தது என்பதை நினைத்தால் இந்தக் குறைவைச் சாதாரணமாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

ஒடிசாவில் வெள்ளம் தேங்கும் பள்ள நிலங்கள் பட்டியல் சாதியினர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சமூகங்களிடம் கூடுதலாக இருந்தன என்பதையும், அதனால் இந்த விதையின் பலன் அவர்களுக்கே அதிகமாகச் சேரக்கூடும் என்பதையும் 2013-ஆம் ஆண்டு ஆய்வு எடுத்துக்காட்டியது. ஒரு விதை யாருக்கு உதவும் என்பது யாருடைய நிலம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்ற புரிதல், வரலாற்றில் நில உடைமைப் போராட்டங்களால் அறியப்பட்ட நம் படுகைக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

எனினும் ஒடிசாவின் முடிவை அப்படியே தூக்கி இங்கே நட முடியாது. ஒவ்வோர் ஆய்வுக்கும் எல்லை உண்டு. எல்லையை வெளிப்படையாகச் சொல்லும் ஆய்வையே நான் அதிகம் நம்புவேன். சப்1 உதவுவது, நட்டு வேர்பிடித்த பயிர் முழுவதும் மூழ்கி, ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் தண்ணீர் வடியும் நிலையில்தான். கடைமடையில் பல இடங்களில் தண்ணீர் பயிரை முழுவதும் மூடாமல் முழங்கால் அளவுக்கு மாதக்கணக்கில் தேங்கி நிற்கிறது. அங்கே பயிர் ஓரளவு நீண்டு வளர்ந்தால்தான் பிழைக்கும். வளராமல் காத்திருக்கும் குணம் அங்கே பயன் தராது. வேதாரண்யம் பக்கம் கடல் நீர் கலந்தால் உப்பையும் பயிர் தாங்க வேண்டும். அது வேறு மரபணுக்களின் வேலை. 2021 ஜனவரியில் பெய்த பருவம் தவறிய மழை, அறுவடைக்கு நின்ற கதிரைச் சாய்த்து வயலிலேயே முளைக்க வைத்தது. அதற்கும் சப்1-ல் பதில் இல்லை.

நம் பகுதிக்கு மிக நெருக்கமான எல்லை இன்னொன்று. நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களில் ஆள்கூலியும் தண்ணீர் வரத்தும் பார்த்துப் பலர் நாற்றுவிடாமல் நேரடி விதைப்புக்கு மாறியிருக்கிறார்கள். விதைத்த சில நாளில் கனமழை பெய்து வயல் குளமானால், முளைக்க வேண்டிய விதை தண்ணீருக்கடியிலேயே அழுகும். அந்தப் பருவத்தில் சப்1 துணைக்கு வராது. தண்ணீருக்கடியிலும் முளைக்கும் திறனுக்குக் காரணமான ஒரு மரபணுவை, மியான்மரின் காவ் ஹ்லான் ஆன் என்ற நாட்டு நெல்லிலிருந்து கண்டறிந்து 2015-ல் வெளியிட்டிருக்கிறார்கள். சேர்ந்திருக்கும் மாவுச்சத்தைப் பிராணவாயு குறைந்த நிலையிலும் முளைக்குக் கிடைக்கச் செய்வது அதன் வேலை.

அடுத்த முறை இப்படி ஒரு விதை நம் ஊருக்கு வந்து, அது படுகையில் வெற்றி பெற்றதாகச் செய்தி வந்தால், படிப்பவர் சில விவரங்களைத் தேடிப் பார்க்கலாம். விதை கொடுத்த வயல்களைக் குலுக்கலில் எடுத்தார்களா, முன்னோடி விவசாயிகளாகப் பார்த்து எடுத்தார்களா. பக்கத்தில் ஒப்பிட நட்டது அதே ரகத்தின் பழைய விதையா, வேறொன்றா. விதைத்த எத்தனையாவது நாளில் தண்ணீர் ஏறியது, எத்தனை அங்குலம், எத்தனை நாள் நின்றது. வடிந்தபின் ஒரு சதுர மீட்டரில் எத்தனை பயிர் உயிரோடு இருந்தது என்று எண்ணினார்களா. வெள்ளம் வராத ஆண்டின் மூட்டைக் கணக்கையும் சேர்த்து எழுதியிருக்கிறார்களா. இந்த விவரங்கள் உள்ள அறிக்கை நான்கு பக்கமே இருந்தாலும், ஆடியில் எந்த விதையை வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டியவர் அதை உட்கார்ந்து படிக்கலாம்.